எக்ஸ்ட்ரெமதூராவைச் சைக்கிளில் சுற்றுவது எப்படி: மெரிதாவில் தொடங்கி மெரிதாவில் முடியும் 350 கிலோமீட்டர்

ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில், போர்ச்சுகல் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது எக்ஸ்ட்ரெமதூரா. அங்கே மெரிதா, காசெரெஸ், துருஹீயோ, குவாதலூபே, மெதெயின் ஆகிய ஐந்து பழைய ஊர்களை இணைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சாலைச் சைக்கிள் பயணத்துக்கான வழிகாட்டி இது. மொத்தத் தூரம் சுமார் 350 கிலோமீட்டர். சிறு சுமையுடன் ஒரு நாளில் 80 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்கு ஒரு வாரம் தாராளமாகப் போதும்.

இங்கே திணறுபவர்கள் பெரும்பாலும் கால் வலுவின்றித் திணறுவதில்லை. தூரத்தைக் கணக்கிட்டு வருகிறார்கள், நேரத்தைக் கணக்கிடாமல் விட்டுவிடுகிறார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே இருப்போம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புறப்படும் நேரம், சாப்பாடு, பார்க்கும் இடம் எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கி வகுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் மாதம், அடுத்து கடிகாரம்

மார்ச் பின்பாதி முதல் மே நடுப்பகுதி வரை ஒரு பருவம். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. கடலோரப் புழுக்கத்தில் ஓட்டிப் பழகியவர்கள் "இதென்ன பெரிய வெயில்" என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் அது வேறு வகை வெயில். காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை அப்போதைக்கப்போது காய்ந்துவிடும். உடல் வறள்வது தெரியாது. மரங்களோ சாலையிலிருந்து தள்ளி, வேலிக்கு அப்பால் நிற்கும்.

கடிகாரத்தில்தான் முதல் சறுக்கல். ஸ்பெயின் பெர்லினோடு ஒரே நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ட்ரெமதூராவோ வெகு தூரம் மேற்கே இருக்கிறது. அதனால் ஏப்ரலில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் சுமார் இரண்டரை மணிக்கு. மார்ச் கடைசியில் விடிவது எட்டு மணி வாக்கில். அக்டோபர் நடுவில் எட்டரையை ஒட்டி. வெயிலின் உக்கிரம் மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான் தெரியும்.

நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரை மணிக்கே கிளம்பினால், விளக்கில்லாத சாலையில் இரண்டரை மணி நேரம் இருட்டில் ஓட்டுவீர்கள். அதற்கு மாறாக, விடிந்ததும் புறப்பட்டு, பிற்பகல் ஒன்றரைக்குள் அறைக்கு வந்து சேருங்கள். குளித்து, சாப்பிட்டு, உறங்கி எழுந்து ஐந்தரைக்கு மேல் ஊரைப் பாருங்கள். கடைகளும் பல அருங்காட்சியகங்களும் தேவாலயங்களும் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை எப்படியும் பூட்டியே இருக்கும். வெயிலும் பூட்டும் ஒரே நேரத்தில் வருவதால் இந்த ஏற்பாட்டில் எதுவும் நட்டமில்லை.

2. எந்தக் கிழமை, எந்தத் திசை

மெரிதா, காசெரெஸ், துருஹீயோ, குவாதலூபே, தோன் பெனீத்தோ, மெதெயின், மெரிதா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மெரிதா கடல் மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர், காசெரெஸ் 460, துருஹீயோ 560, குவாதலூபே 640. உயரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கால் பழகிய பிறகே மலை வரும். தலைகீழாகச் சுற்றினால் இரண்டாம் நாளே நீண்ட தூரமும் ஏற்றமும் சேர்ந்து வரும். மழை நாட்களில் காற்று பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்திலிருந்து வீசுவதால், கிழக்கு நோக்கிப் போகும் நடுப்பகுதியில் அது முதுகைத் தள்ளவும் செய்யும்.

கிழமையும் முக்கியம். சனிக்கிழமை மெரிதாவுக்கு வந்து, ஞாயிறு அங்கேயே இருங்கள். திங்கள் காசெரெஸ், செவ்வாய் துருஹீயோ, புதன் குவாதலூபே. வியாழன் ஓய்வு அல்லது மலையேற்றம். வெள்ளி தோன் பெனீத்தோ, சனி மீண்டும் மெரிதா. ஸ்பெயினில் திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் மூடியிருப்பது வழக்கம். அந்த நாள் காசெரெஸில் விழுந்தால் பாதகமில்லை, அங்கே தெருக்கள்தான் காட்சி. குவாதலூபே ஒரு புனிதத்தலம் என்பதால் வார இறுதியில் அறை கிடைப்பது கடினம். புதன், வியாழனில் எளிது.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம், செப்டம்பர் 8, அக்டோபர் 12 ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கடைசி இரண்டும் குவாதலூபேயின் பெருவிழா நாட்கள். குதிரைகளிலும் ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

3. வண்டி, டயர், காலணி

28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம். வண்டி இடம் கொடுத்தால் 32 போடுங்கள். நெடுஞ்சாலைகளின் தார் நன்றாகவே இருக்கும். ஆனால் காசெரெஸ், துருஹீயோ பழைய நகரங்களின் தரை முழுக்கக் கருங்கல். சுமையுடன் மெல்லிய டயரில் அதன் மேல் போனால் பற்கள் ஆடும்.

கோடை முடிந்த பிறகு போகிறீர்கள் என்றால் நெருஞ்சி முள்ளுக்குத் தயாராகப் போங்கள். நம் ஊர்க் காட்டுப் பாதையில் காலில் ஏறும் அதே செடி அங்கும் சாலையோரத்தில் படர்ந்து கிடக்கிறது. வண்டியை ஓரத்து மண்ணில் உருட்டி நிறுத்துபவர்களுக்குத்தான் பஞ்சர் ஆகிறது. நிறுத்த வேண்டுமானால் தார் மீதே இறங்கி, வண்டியைத் தூக்கி வையுங்கள். மாற்று டியூப் இரண்டு, ஒட்டுப் பொட்டலம், கைப்பம்பு கட்டாயம். டியூப் மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் புது டியூப் போட்டு, பத்தே நிமிடத்தில் மறுபடி இறங்குபவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

கியரில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னால் 34 பல், பின்னால் குறைந்தது 32 பல். வெறும் வண்டியில் எளிதாகத் தோன்றும் ஏற்றம், ஆறு கிலோ பையுடன் வேறு முகம் காட்டும்.

காலணிதான் பலரும் யோசிக்காத விஷயம். அடியில் பெரிய பிளாஸ்டிக் கட்டை துருத்தி நிற்கும் பந்தயக் காலணியுடன் கோட்டைப் படியில் ஏற முடியாது. தேய்ந்த கருங்கல்லில் வழுக்கி விழுவீர்கள். கட்டை உள்ளடங்கிய மலைச் சைக்கிள் காலணியும் அதற்கேற்ற பெடலும் போட்டால், ஒரே ஜோடியில் ஓட்டவும் நடக்கவும் முடியும்.

4. ஆவணங்கள், பெட்டி, ரயில்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். மலிவான காப்பீட்டுத் திட்டங்கள் சிலவற்றில் சைக்கிள் பயணம் விலக்குப் பட்டியலில் இருக்கும். பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்.

தலைநகர் மாத்ரிதிலிருந்து மெரிதாவுக்கு நேரடி ரயில்கள் உண்டு. சைக்கிள் விஷயத்தில் எல்லா ரயிலும் ஒன்றல்ல. நீண்டதூர விரைவு ரயில்களில் பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, 120 × 90 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பையில் வைத்தால்தான் ஏற்றுவார்கள். நடுத்தரத் தூர ரயில்களில் முழு வண்டியாகவே ஏற்றலாம். ஆனால் ஒரு ரயிலுக்குச் சில இடங்களே உண்டு, அவற்றை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். ஆகவே முதலில் எந்த வகை ரயில் என்று பாருங்கள். பயணச்சீட்டு எடுப்பது அதற்குப் பிறகு.

விமானத்துக்குக் கொண்டுவந்த பெட்டியை மெரிதா விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகலாம். வட்டப் பாதையின் பெரிய வசதி இது. அறை பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: ஒரு வாரம் பெட்டியை வைத்துக்கொள்வீர்களா, சைக்கிளை இரவில் உள்ளே வைக்க இடம் உண்டா? சிறிய விடுதிகள் இரண்டுக்கும் பொதுவாகச் சம்மதிக்கும். முன்னறிவிப்பின்றிச் சேற்று டயருடன் வாசலில் நின்று கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

5. பாதைக் கோப்பைச் சாலை எண்களை வைத்துச் செய்யுங்கள்

"மெரிதா முதல் காசெரெஸ் வரை" என்று செயலியிடம் கேட்டால், அது உங்களை மண் பாதையில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். செவியாவிலிருந்து வடக்கே போகும் ‘வியா தெ லா பிளாத்தா’ என்ற பழைய யாத்திரைப் பாதை இதே வழியில்தான் செல்கிறது. சாலையோரக் கற்களில் தெரியும் மஞ்சள் அம்புக்குறிகள் நடந்து போகும் யாத்திரிகர்களுக்கானவை. அவற்றைப் பின்தொடர்ந்த சாலைச் சைக்கிள்கள் மணலிலும் ஓடைக் கற்களிலும் போய் மாட்டிக்கொள்கின்றன.

சாலை எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். ‘ஏ’ என்பது நான்கு வழி விரைவுச்சாலை. அந்தப் பக்கமே போகாதீர்கள். ‘என்’ என்பது பழைய தேசிய நெடுஞ்சாலை. ‘ஈஎக்ஸ்’ என்பது மாநிலச் சாலை.

இந்தப் பயணத்தின் சூட்சுமம் ‘என்’ சாலைகளில் இருக்கிறது. ஏ-66 விரைவுச்சாலை வந்த பிறகு, அதற்கு இணையாகச் செல்லும் என்-630இல் லாரிகள் அருகிவிட்டன. ஏ-58 வந்த பிறகு என்-521க்கும் அதே கதி. நல்ல தார், அகலமான ஓரம், மிதமான சரிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. வாகனங்கள் மட்டும் பக்கத்துச் சாலைக்குப் போய்விட்டன. ஆனால் எல்லா ‘என்’ சாலைக்கும் இது பொருந்தாது. இணை விரைவுச்சாலை இல்லாத இடங்களில் ‘என்’ சாலைதான் முதன்மை வழி, லாரிகள் அதில்தான் வரும். குவாதியானா ஆற்றுச் சமவெளியின் என்-430 அப்படிப்பட்டது. அதைக் குறுக்கே கடக்கலாம், அதில் ஓட்ட வேண்டாம்.

இந்தப் பாதைக் கோப்பை வண்டியின் வழிகாட்டிக் கருவியிலும் கைபேசியிலும் சேமித்து வையுங்கள். குவாதலூபேயைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் கைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் வரும்.

6. தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். ஓட்டும்போது காதில் கருவி மாட்டுவதும், கைபேசியைக் கையில் பிடிப்பதும் அபராதத்துக்குரியவை. இருவர் பக்கம்பக்கமாக ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. பார்வை மறையும் வளைவிலும் மேட்டிலும் ஒற்றை வரிசைக்கு மாறுங்கள். முந்திச் செல்லும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலக வேண்டும். பெரும்பாலும் அதற்கு மேலேயே விலகுகிறார்கள். இருட்டில் விளக்கும் ஒளிதிருப்பும் மேலாடையும் தேவை. மது அளவுச் சட்டம் சைக்கிள் ஓட்டிக்கும் பொருந்தும் என்பதால், மதியச் சாப்பாட்டோடு வரும் ஒயினை இரவுக்குத் தள்ளிவையுங்கள். அவசர உதவிக்கு எண் 112.

7. தண்ணீரும் சாப்பாடும்

கிராமங்களுக்கு இடையே இருபது கிலோமீட்டருக்கு மேல் எதுவுமே இல்லாத நீட்சிகள் உண்டு. வழியில் பெட்டிக்கடை வரும் என்ற நம் ஊர் நம்பிக்கையை அங்கே கொண்டு போகாதீர்கள். 750 மில்லி குப்பிகள் இரண்டு, வெயில் நாளில் பையில் மூன்றாவதும் வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும், பாதி காலியாகியிருந்தாலும் நிரப்புங்கள். ஊர்ச் சதுக்கத்தில் குழாய் இருக்கும். ‘நோ போதாப்லே’ என்று எழுதியிருந்தால் அது குடிக்கத் தகாத நீர். தலையை நனைக்க மட்டும்.

காலையில் திறந்திருப்பது கிராமத்து பார். அது மதுக்கடை மட்டும் அல்ல. ஊரின் காப்பிக்கடையும் அதுவே. வாட்டிய ரொட்டியில் தக்காளி விழுதும் ஆலிவ் எண்ணெயும் தடவிக் காப்பியுடன் தருவார்கள். அதைப் பத்தரை, பதினொரு மணிக்கு ஒருமுறை சாப்பிட்டுவிட்டால் ஒன்றரை மணி வரை தாங்கும். மதியச் சமையல் இரண்டு முதல் நான்கு வரைதான் நடக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன் கிடைப்பது அரிது. நான்கரைக்கு ஊர் சேர்ந்து பசியோடு நிற்பவருக்கு அடுத்த சூடான உணவு நாலரை மணி நேரம் தள்ளி இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணியை வைத்து நாளை வகுக்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இது.

சைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இது பன்றி இறைச்சிக்குப் பேர்போன நாடு. ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால் பன்றித்தொடைச் சீவல் தூவிய தட்டு வரக்கூடும். அவர்கள் கணக்கில் அது இறைச்சி வகையில் சேராது போலும். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: இறைச்சி, பன்றித்தொடை, மீன் மூன்றும் வேண்டாம். கடைசியைச் சொல்லாவிட்டால் பச்சைக்காய்க் கலவையில் சூரை மீன் வந்துவிடும். ‘மீகாஸ்’ என்ற ரொட்டித் துகள் வறுவல் பார்க்க உப்புமா போல அப்பாவியாக இருக்கும், உள்ளே பன்றிக்கொழுப்பு. நம்பிக் கேட்கக்கூடியவை முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தோர்த்தியா, உள்ளூர்ப் பாலாடைக்கட்டிகள். காசெரெஸ் பக்கத்துத் தோர்த்தா தெல் கசார் செம்மறியாட்டுப் பாலில் செய்வது. பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பை நொதிக்குப் பதில் முட்செடிப் பூவைப் பயன்படுத்துகிறார்கள்.

ஞாயிறன்று மளிகைக்கடைகள் மூடியிருக்கும். மெரிதாவில் சனிக்கிழமையே பாதாமும் உலர் அத்திப்பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அத்தி இந்த மாநிலத்தின் விளைச்சல், வெயிலில் உருகாது.

8. மெரிதா: ஓட்டாமல் ஒரு நாள்

சனி மாலை வண்டியைக் கோத்து, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஊருக்கு வடக்கே இருக்கும் புரோசர்பினா ஏரி வரை போய் வருவது சரியான சோதனை. அதன் அணையே ரோமர் கட்டியது. கியர் தாண்டுகிறதா, பிரேக் உரசுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஞாயிறன்று பழுதுபார்க்கும் கடை இருக்காது, அதனால்தான் சனிக்கிழமையே ஓட்டச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ரோமானிய அரங்கிலிருந்து தொடங்குங்கள். கி.மு. 16–15இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டுவித்த அரங்கு அது. பக்கத்திலேயே வட்டரங்கு. இவற்றையும் ஆற்றங்கரைக் கோட்டையையும் இன்னும் சில இடங்களையும் சேர்த்து ஒரே கூட்டுச் சீட்டு விற்கிறார்கள். தனித்தனியாக வாங்க வேண்டாம். ரஃபேல் மொனேயோ வடிவமைத்து 1986இல் திறந்த தேசிய ரோமானியக் கலை அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வேறு. ஞாயிறு அது பிற்பகலில் மூடிவிடும், ஆகவே அரங்குக்கு அடுத்து நேராக அங்கே போங்கள். கோட்டை கி.பி. 835இல், முஸ்லிம் ஆட்சியாளர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் காலத்தது. அதன் உள்ளே ஆற்று மட்டத்துக்கு இறங்கும் நீர்த்தொட்டிப் படிகளைத் தவறவிடாதீர்கள்.

குவாதியானா மீதுள்ள ரோமானியப் பாலம் ஏறக்குறைய 800 மீட்டர் நீளம். மோட்டார் வாகனங்களுக்கு அதில் அனுமதியில்லை. மாலையில் வண்டியை உருட்டிக்கொண்டே கடக்கலாம்.

9. மெரிதா – காசெரெஸ்: சுமார் 70 கிலோமீட்டர்

ஊரை விட்டு வெளியேறும் வட்டச் சந்திப்புகள்தான் இந்த நாளின் குழப்பமான பகுதி. ஏ-66க்கான நீலப் பலகைகள் திரும்பத் திரும்ப உங்களை அழைக்கும். என்-630 என்ற சிவப்பு எண்ணைப் பார்த்த பிறகே திரும்புங்கள். இந்தச் சாலையின் கிலோமீட்டர்க் கற்கள் வடக்கே ஹிஹோன் நகரிலிருந்து எண்ணப்படுகின்றன. எண் குறைந்துகொண்டே வந்தால் சரியான திசை.

பாதையில் பெரிய ஏற்றம் எதுவுமில்லை. அலை அலையாக ஏறி இறங்கும். இரு பக்கமும் ‘தெஹேசா’ என்ற மேய்ச்சல் காடு. புல்வெளியில் இடைவெளி விட்டு நிற்கும் ஓக் மரங்கள், அவற்றின் கீழே கறுத்த பன்றிகள். அக்டோபருக்குப் பிறகு அவை விழுந்த ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும்.

அல்குவேஸ்கார் பிரிவுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சாலையிலிருந்து விலகிப் போனால் சாந்தா லூசியா தெல் திராம்பால் என்ற பழைய சிறு தேவாலயம் இருக்கிறது. திங்களன்று பூட்டியிருந்தாலும் வெளிச்சுவரும் சுற்றுப்புறமுமே பார்க்கத் தகுந்தவை. பிரிவுக்குப் பதினொரு மணிக்குள் வந்திருந்தால் போங்கள். தாண்டிவிட்டால் நேரே ஓட்டுங்கள். அல்தேயா தெல் கானோவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் காசெரெஸ் வரை போதும்.

காசெரெஸின் பழைய நகரம் 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சீட்டு வேண்டாம், கதவும் இல்லை. அறையைப் பழைய நகருக்குள் எடுக்காமல் பெரிய சதுக்கத்துக்கு வெளியே எடுத்தால், கருங்கல் சந்துகளில் சுமையுடன் வண்டியை உருட்டும் வேலை மிஞ்சும். இருட்டிய பிறகு எஸ்த்ரேயா வளைவு வாயில் வழியாக நடந்து உள்ளே போங்கள். பகலில் சுற்றுலாக் குழுக்கள் அடைத்துக்கொள்ளும் சந்துகள் அப்போது உங்களுக்கே.

10. காசெரெஸ் – துருஹீயோ: சுமார் 47 கிலோமீட்டர்

குறைந்த தூரம் என்று தாமதமாகக் கிளம்புவது இந்த நாளின் பொதுவான தவறு. என்-521இல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கிராமம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை, நிழலும் இல்லை. சமவெளி போலத் தோன்றும், ஆனால் தமூஹா, மகாஸ்கா ஆறுகள் வெட்டிய பள்ளங்களில் இறங்கி ஏற வேண்டும். இரண்டு குப்பியும் நிரம்பியிருக்கட்டும்.

வசந்தத்தில் வேலிக்கம்பங்களிலும் வயல்களிலும் கண்ணை வையுங்கள். இது கானமயில் இனப் பறவைகள் உலவும் புல்வெளி.

துருஹீயோ தொலைவிலேயே குன்றின் மேல் தெரிந்துவிடும். அடைவதற்குள் பலமுறை மறைந்து தோன்றும். சதுக்கத்தில் நிற்கும் குதிரைச் சிலை, இந்த ஊரில் பிறந்து இன்கா பேரரசை வீழ்த்திய பிசாரோவினுடையது. வண்டியை அறையில் வைத்துவிட்டு, மாலையில் காலணியோடு கோட்டைக்கு ஏறுங்கள். மதிலிலிருந்து கிழக்கே பார்த்தால் நீலமாகத் தெரியும் மலைகள்தான் நாளைய வேலை.

11. துருஹீயோ – குவாதலூபே: சுமார் 80 கிலோமீட்டர்

பயணத்தின் கடினமான நாள் இது. பிற்பகுதியில்தான் கடினம் என்பதே பொறி. ஈஎக்ஸ்-208இல் சொரீத்தா வரை எளிதாக உருளும். உற்சாகத்தில் வேகம் எடுத்தவர்கள் கான்யமேரோவுக்குப் பிறகு வண்டியைத் தள்ளுகிறார்கள்.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். சொரீத்தாவில் தண்ணீர் மட்டும். அங்கிருந்து ஈஎக்ஸ்-102இல் லோக்ரொசான். அங்கே வயிறு நிறையச் சாப்பிடுங்கள். இந்த ஊரின் கொஸ்தனாசா பாஸ்பேட் சுரங்கம் இப்போது பார்வையிடும் இடம், ஆனால் இன்று நேரமில்லை. திரும்பி வரும்போதும் இதே ஊர் வழியாகத்தான் வருவீர்கள். கான்யமேரோவில் குப்பிகளை மீண்டும் நிரப்புங்கள். அதன் பிறகு குவாதலூபே வரை மலைச்சாலை. நடுவில் எதுவும் கிடைக்காது.

ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே மிதியுங்கள். மழை பெய்திருந்தால் இறக்கத்தின் நிழல் வளைவுகளில் ஈரம் காயாமல் கிடக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடியுங்கள். ஆட்டு மந்தை எதிர்ப்பட்டால் இறங்கி, வண்டியை உங்களுக்கும் காவல் நாய்க்கும் நடுவே வைத்து நடங்கள். அந்தப் பெரிய மாஸ்டின் நாய்கள் வேகமாக ஓடும் பொருளைத்தான் துரத்தும், நடப்பவரைப் பார்த்துச் சலித்துப்போகும்.

குவாதலூபே மடாலயத்தை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், காலையும் பிற்பகலும் குழுக்களாக அழைத்துப் போவார்கள். வந்த அன்றே ஓடாமல், மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பொருள் அறையில் சுர்பரான் ஓவியங்கள், அவை எந்த இடத்துக்காக வரையப்பட்டனவோ அதே சுவரில் இன்றும் தொங்குகின்றன. களைத்த கண்ணால் பார்க்க வேண்டியவை அல்ல அவை. மடாலயத்தின் கோதிக் முற்றத்தைச் சுற்றி உள்ள விடுதியிலேயே தங்கலாம். இரண்டு இரவுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

12. வியாழன்: ஓய்வா, வியுவெர்காஸ் சிகரமா

சுமையை அறையில் வைத்துவிட்டு, சுமார் 1,600 மீட்டர் உயரமுள்ள வியுவெர்காஸ் சிகரத்துக்குப் போய்வரலாம். குவாதலூபேயிலிருந்து ஏறும் உயரம் 900 மீட்டருக்கு மேல். 2021 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தின் 14ஆம் கட்டம் இங்கேதான் முடிந்தது. வென்றவர் ரோமேன் பார்தே. அந்தப் பந்தயத்தில் வந்த பாயெஸ்தேரோஸ் கணவாயின் கான்கிரீட் தளம் சராசரியாக 14 சதவீதச் சரிவு. அந்தப் பக்கம் வேண்டாம், குவாதலூபேயின் வழக்கமான சாலையிலேயே ஏறுங்கள்.

மேலே தார் பெயர்ந்து கிடக்கும் இடங்கள் உண்டு. இறக்கத்தில் வேகம் எடுக்காதீர்கள். காற்றுத்தடுப்பு மேலாடை இல்லாமல் போனால், ஏறும்போது நனைந்த சட்டை இறங்கும்போது உறையும். முந்தைய நாள் முழங்கால் வலித்திருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். நாளை நூறு கிலோமீட்டர் இருக்கிறது.

13. திரும்பும் இரண்டு நாட்கள்

வெள்ளிக்கிழமை லோக்ரொசான் வரை வந்த வழியே வந்து, அங்கிருந்து தெற்கே மாத்ரிகலேஹோவுக்கு இறங்குங்கள். கத்தோலிக்க மன்னர் ஃபெர்னாந்து 1516 ஜனவரியில் இறந்தது இந்தச் சிற்றூர் வீடொன்றில். குவாதலூபேக்குப் போகும் வழியில் நோய்வாய்ப்பட்டுத் தங்கியவர். இதற்கு மேல் நிலம் மாறிவிடும். கால்வாய்ப் பாசனம், நெல் வயல், தக்காளி. பார்க்க ஏறக்குறைய நம் ஆற்றுப்படுகைதான். தட்டையான சாலையில் சுலபமாகப் போகலாம் என்று எண்ணுவீர்கள். எதிர்க்காற்று வரும் நாளில் இந்த இடம்தான் மலையை விடக் கடினம், மறைப்பு எதுவும் இல்லை. இருவராக இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் போவதை மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக இருந்தால் கியரைக் குறைத்து, வேகக் கணக்கைப் பார்ப்பதையே நிறுத்திவிடுங்கள்.

இரவு தங்க மெதெயினை விடத் தோன் பெனீத்தோ நல்லது. அது பெரிய ஊர். அறையும் கடையும் சைக்கிள் பழுதுபார்ப்பும் கிடைக்கும். அங்கே ரயில் நிலையமும் இருப்பதால், உடலோ வண்டியோ மறுத்தால் நேராக மெரிதாவுக்குப் போய்விடலாம்.

சனிக்கிழமை காலை மெதெயின் வெறும் அரை மணி நேரத் தூரம். மெக்சிகோவை வென்ற எர்னான் கொர்த்தெஸ் பிறந்த ஊர் இது. குன்றின் உச்சியில் கோட்டை, சரிவில் ரோமானிய அரங்கு, கீழே குவாதியானாவின் மேல் 17ஆம் நூற்றாண்டுப் பாலம். குன்றுக்கு வண்டியோடு ஏற வேண்டாம், கீழே சதுக்கத்தில் பூட்டிவிட்டு ஏறுங்கள். பத்தரைக்குள் இறங்கிவிட்டால் குவாரேன்யா வழியாக மெரிதாவுக்குப் பிற்பகல் இரண்டுக்குள் போய்விடலாம்.

14. பெட்டியைக் கட்டும் வரிசை

ரயில் மறுநாள் காலை என்றால், வண்டியைச் சனி மாலையே பிரித்துவிடுங்கள். முதலில் பெடல். மலைச்சாலையில் மிதித்துப் பெடல்கள் இறுகிப்போயிருக்கும். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறந்து, இன்னும் இறுக்கிவிட்டு விடியற்காலையில் தவிப்பவர்கள் உண்டு. பெடலைக் கழற்றும் நீண்ட கைப்பிடிச் சாவி (ஸ்பேனர்) விடுதியில் இருக்காது. தேவைப்பட்டால் மாலையில் கடை திறந்திருக்கும்போதே கேட்டு வாங்கலாம்.

அடுத்து, சேறு ஒட்டிய டயரைத் துடையுங்கள். மண் ஒட்டிய வண்டியைச் சில நாட்டுச் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். பிறகு காற்றைப் பாதி இறக்கி, பின்பக்கக் கியர் மாற்றியைக் கழற்றிச் சட்டத்தோடு கட்டுங்கள், பெட்டியில் முதலில் வளைவது அதுதான். கைப்பம்பும் ஸ்பேனர் சாவிகளும் விமானத்தில் கைப்பையில் வரக்கூடாது, பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். கடைசியாக மூடியைச் சாத்துமுன், சக்கரத்தின் அச்சுக்கம்பிகள் இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். விடுதி அறைகளில் கட்டிலுக்கடியில் உருண்டு தங்கிவிடுவது பெரும்பாலும் அவைதான்.